புதிதாக வந்த நாய் தன் மெத்தையில் படுக்க மறுப்பது ஏன்?

மெத்தையை விட்டுவிட்டுக் கட்டிலடியில் சுருண்டுகொள்வது பிடிவாதம் அல்ல, பெரும்பாலும் பயம். தூங்கும் நாயால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. அதனால் முதுகுக்குச் சுவரும், ஆள் வருவது தெரிகிற கோணமும், பழகிய வாசனையும் தேடும். ரயிலில் பையைத் தலைக்கு வைத்து அரைத்தூக்கம் போடுவோமே, அதே நிலைதான்.

மெத்தையை அது தேர்ந்தெடுத்த மூலைக்கே நகர்த்துங்கள். மிக்ஸி, வாஷிங்மெஷின் பக்கம் வேண்டாம். நீங்கள் கட்டிய, துவைக்காத கைலியை மேலே விரியுங்கள். எலும்பில்லாத, உப்பு மசாலா சேர்க்காத வேகவைத்த கோழித்துண்டை மெத்தை ஓரத்தில் வையுங்கள். பின்னங்கால் தரையிலேயே இருக்க, கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு ஓடும். அன்றைக்கு அது போதும். மறுநாள் நாலு விரற்கடை உள்ளே. ஒரு தடவைக்கு 3 நிமிடம், நாளைக்கு 3 தடவை. கழுத்துப்பட்டையைப் பிடித்து ஒருமுறை இழுத்து உட்காரவைத்தாலும் மெத்தையைக் கண்டாலே அது பயப்படத் தொடங்கலாம்; மறுபடி முதலிலிருந்துதான். மெத்தைக்குப் பதில் கூண்டு என்றால், நாய் தானாகப் போய்த் தூங்கும்வரை கதவைச் சாத்தாதீர்கள். படுத்திருக்கும்போது குழந்தைகள் தொடவே கூடாது, திடுக்கிட்டால் கடிக்கலாம்.

இரவில் முனகும்போது தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்பார்கள். அது தவறு: பயம் ஓர் உணர்ச்சி, ஆறுதல் அதை வளர்க்காது.