எழுத்து எழுத்தாக ஒரு பேச்சு

கேள்வி: என் கணவருக்கு வயது 54. மோட்டார் நியூரான் நோய், தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழந்துகொண்டே போகிற நோய். பேச்சு நின்று நான்கு மாதமாகிறது. இப்போது கண்ணிமை மட்டும்தான் அவர் சொன்னபடி கேட்கிறது. பார்க்க வருகிறவர்கள் என்னிடம் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். ரோசன்ஸ்வைக் என்ற யூதத் தத்துவஞானி இதே நிலையில் பல வருடம் எழுதினார் என்கிறான் என் தம்பி. உண்மையா? எப்படி முடிந்தது?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்மைதான் அம்மா. ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் 1886-ல் ஜெர்மனியின் காசெல் நகரத்தில் பிறந்தவர். 1913-ல் கிறிஸ்தவத்துக்கு மாற இருந்தவர், அதே வருடம் யூதராகவே இருப்பது என்று தீர்மானித்தார். முதல் உலகப் போரில் பால்கன் போர்முனையில் இருந்துகொண்டு, தன் பெரிய நூலை அஞ்சலட்டைகளில் எழுதி எழுதி வீட்டுக்கு அனுப்பினார். 'மீட்பின் விண்மீன்' என்று 1921-ல் வந்தது. மரண பயத்தைப் பற்றித் தொடங்கி, 'வாழ்வுக்குள்' என்று முடிகிற நூல். அடுத்த வருடமே, 35 வயதில், உங்கள் கணவருக்கு வந்த அதே வகை நோய். மகன் பிறந்ததும் அந்த வருடம்தான்.

1929 டிசம்பர் 10 வரை வாழ்ந்தார். இந்த நோயின் போக்கு ஆளுக்கு ஆள் மாறும். அவருடைய வருடங்களை வைத்து நீங்கள் கணக்குப் போட வேண்டாம். அந்த வீட்டில் நாட்களை எப்படி ஓட்டினார்கள் என்பதைப் பாருங்கள்.

முதலில் கை போனது, பிறகு குரல். அவருக்காகவே ஒரு தட்டச்சுப் பொறி செய்தார்கள். ஒரு நெம்புகோலை நகர்த்தி அவர் எழுத்தைக் காட்ட, மனைவி எடித் விசையை அழுத்துவார். அதுவும் முடியாமல் போனபோது எடித் எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணால் காட்டுவார். இப்படித்தான் யூதா ஹலேவி என்ற இடைக்கால யூதக் கவிஞரின் எபிரேயக் கவிதைகளை ஜெர்மனில் கொண்டுவந்தார். 1925-லிருந்து மார்ட்டின் பூபர் என்ற யூதத் தத்துவஞானியோடு சேர்ந்து எபிரேய வேதாகமத்தையும் மொழிபெயர்த்து வந்தார். பூபர் அவரிடம் போய் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கட்டினார். நண்பர்கள் அந்த வீட்டிலேயே கூடி ஓய்வுநாள் தொழுகை நடத்தினார்கள்.

அவருடைய தத்துவமே பேச்சைப் பற்றியதுதான். தனியே உட்கார்ந்து யோசிக்கிறவன் தன் கேள்விக்கான பதிலைத் தானே கட்டிக்கொள்கிறான். நிஜமான பேச்சில் எதிராளி என்ன சொல்வார் என்று முன்கூட்டித் தெரியாது, ஆகவே காத்திருக்கத்தான் வேண்டும் என்றார். 1925-ல், குரல் போன பிறகு, இதை எழுதினார். எடித் ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருந்ததை நினைத்துக்கொண்டு அதைப் படித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வருவோம். தமிழில் 247 எழுத்து இருக்கிறதே என்று மலைக்காதீர்கள். ஓர் அட்டையில் உயிர் 12, மெய் 18 மட்டும் எழுதுங்கள். "உயிரா, மெய்யா?" என்று கேளுங்கள். மெய் என்றால் வல்லினமா, மெல்லினமா, இடையினமா. ஆம் என்றால் ஒரு முறை இமைக்கட்டும். இனம் தெரிந்தால் ஆறே எழுத்துதான். பிறகு அதோடு சேரும் உயிர்: குறிலா, நெடிலா? பள்ளியில் படித்ததுதான், சில நாளில் கை வந்துவிடும். கண் அசைவால் இயங்கும் கம்ப்யூட்டர் வசதியையும் டாக்டரிடம் விசாரியுங்கள்.

பாதி வார்த்தையிலேயே உங்களுக்கு மீதி தெரிந்துவிடும், இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தவர் ஆயிற்றே. ஊகித்துச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் "இதுதானே?" என்று கேட்டு, அவர் இமைத்த பிறகு மேலே போங்கள்.

வருகிறவர்களுக்கு நாற்காலியை அவர் முகத்துக்கு எதிரே போடுங்கள். அட்டையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் காபி போடப் போய்விடுங்கள். முதல் நாள் திணறுவார்கள், திணறட்டும். அவர் முதலில் எழுதிய வார்த்தை என்ன என்று எனக்கு எழுதுங்கள் அம்மா.