பூனைக்குப் போய் இப்படி அழுவதா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. போன மழைக்காலத்தில் வேலந்தாவளம் சந்தையில், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நனைந்து கிடந்த பூனைக்குட்டியைத் தூக்கி வந்தேன். அம்மு என்று பெயர். நன்றாகத்தான் வளர்ந்தாள். கொஞ்ச நாளாகச் சாப்பாடு குறைந்து, ஈறு வெளுத்து, மூச்சு வாங்கியது. எங்கள் மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு மண்ணுத்தி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். பூனைகளுக்கு வரும் லுகேமியா வைரஸ் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. நெஞ்சுக்குள் புற்றுக்கட்டி, ரத்தசோகை, நீர் வேறு கோத்திருக்கிறது. நீரை எடுத்துவிட்டார்கள், மறுபடி கோக்கும் என்கிறார்கள்.

வீட்டில் மூத்த பூனை ஒன்று உண்டு. மகள் மாசமாக வந்திருக்கிறாள். "நோய்ப் பூனையை எங்காவது விட்டுட்டு வா" என்கிறார் மாமியார். "கறவை வற்றின மாட்டையே விற்கிறோம், பூனைக்கு இத்தனை செலவா?" என்கிறார் கணவர். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். ஊசி போட்டு முடித்துவிடலாம் என்ற பேச்சு வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உயிரோடு வைத்திருப்பது என் சுயநலமா?

— பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாமியாரின் பயத்தை முடித்துவிடுவோம், வீட்டில் பாதிச் சண்டை அதனால்தான். இந்த வைரஸ் மனிதருக்கு வராது, மாட்டுக்கும் வராது. பூனையிடமிருந்து பூனைக்கு எச்சில் வழியாகப் பரவும். தாயிடமிருந்து குட்டிக்கும் வரும். வெளியே அந்தக் கிருமி வெகுநேரம் தாங்காது, சோப்புத் தண்ணீரே போதும். மூத்த பூனையைத் தனி அறையில், தனித் தட்டோடு வையுங்கள். அதற்கும் பரிசோதனை செய்து, நோய் இல்லையென்றால் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மகள் மட்டும் எந்தப் பூனையின் மலத்தையும் அள்ள வேண்டாம். அது டாக்ஸோபிளாஸ்மா என்ற வேறு கிருமிக்காக. அம்முவை வெளியே விட்டால் ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் பரவும் என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் விஷயம். மனிதர் போனால் பந்தல் போட்டு நாலு பேர் வந்து உட்காருவார்கள். பூனை சாகக் கிடந்தால் அழுவதற்கே மாட்டுக் கொட்டகைக்குள் போக வேண்டியிருக்கிறது. ஊர் ஏற்றுக்கொள்ளாத இந்த மாதிரித் துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-லேயே எழுதியிருக்கிறார். வெளியே சொல்ல முடியாததால் அது உள்ளேயே கிடந்து அழுத்தும். உங்களுக்கு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: அம்மு இருக்கும்போதே அவள் இல்லாததற்கு அழ ஆரம்பித்துவிட்டீர்கள். இது பைத்தியக்காரத்தனம் இல்லை. வீட்டில் ஒருவரிடமாவது, மகளிடமே கூட, மறைக்காமல் அழுங்கள்.

கணவரைக் கல்நெஞ்சு என்று நினைக்காதீர்கள். பால் பணத்தில் ஓடும் வீட்டில் அப்படித்தான் கணக்கு வரும். இவ்வளவுதான் செலவழிப்போம் என்று இருவரும் ஒரு தொகையைப் பேசி முடியுங்கள். தினமும் அதே பேச்சு வராது.

மூச்சைப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன், நேரம் வைத்துப் பாருங்கள் என்கிறேன். காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, அவள் தூங்கும்போது ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துவையுங்கள். 30-க்குள் இருந்தால் சரி. தொடர்ந்து அதைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டால் உடனே கிளம்ப வேண்டும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். பச்சை மீனும் வேண்டாம்; மத்தியை வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்கள்.

சுயநலமா என்ற கேள்விக்கு நடுராத்திரியில் பதில் கிடைக்காது. ஒளிக்காமல் சொல்கிறேன், கட்டியும் சோகையும் சேர்ந்த நிலையில் அவளுக்கு நாள் அதிகம் இருக்காது. அவள் ஓரளவு நன்றாக இருக்கும் ஒரு நாளில் டாக்டரோடு உட்கார்ந்து, எந்த அறிகுறி வந்தால் ஊசி என்று எழுதிவையுங்கள். மத்தியை முகர்ந்துகூடப் பார்க்காதது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடுவது, நீர் எடுத்த சில நாளிலேயே திணறுவது, இப்படி. அதுவரை வைத்துப் பார்ப்பது சுயநலம் இல்லை. அந்த நாள் வந்தபின் விடமாட்டேன் என்றால்தான் அந்தக் கேள்வியே எழும்.

அதற்குப் பிறகும் தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்தில் திரும்பவில்லையென்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்), கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.