இடைவெளி வயிற்றில், தப்பு இடுப்பில்

வணக்கம் சார்,

நீங்கள் கிடார் செய்த கதையைப் படித்துவிட்டு நானும் ஒன்றில் இறங்கியிருக்கிறேன். ஓஎம் (ஆர்கெஸ்ட்ரா மாடல்) என்கிற நடுத்தர அளவு. வளைத்தே விற்கும் ஈட்டிமரப் பக்கப்பலகை ஒரு ஜோடி வாங்கினேன். ஒன்று அச்சுக்குள் (கிடார் வடிவில் வெட்டிய வெளிச்சட்டம்) கச்சிதமாக உட்காருகிறது. மற்றதை, கிடார் நடுவில் குறுகும் இடுப்பில் அச்சோடு ஒட்டவைத்தால், அகன்ற கீழ் வயிற்றில் 1 செ.மீ. இடைவெளி. சூடுகாட்டி அந்த வளைவை இரண்டு முறை விரித்துப் பார்த்தேன். இப்போது வால்முனை போய் அச்சில் முட்டுகிறது, வயிற்றில் இடைவெளி அப்படியே இருக்கிறது. கிளாம்ப் போட்டு இழுத்து ஒட்டிவிட்டால் நின்றுவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா, இல்லை தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கவா?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

இரண்டும் வேண்டாம். கிளாம்ப் யோசனையை நானும் ஒருமுறை செய்து பார்த்தவன்தான். ராத்திரி பதினொரு மணிக்கு அடுத்த அறையிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம், போய்ப் பார்த்தால் இடுப்பில் குறுக்கே விரிசல். இரண்டு விரலால் தள்ளினால் அச்சோடு சேருகிற அளவு இடைவெளியை விட்டுவிடலாம், எல்லாரும் விடுவதுதான். 1 செ.மீ. அப்படி அல்ல. இழுத்து ஒட்டினால் அந்த இழுவிசை பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும், ஒட்டுகள்தான் காலம் முழுக்க அதைத் தாங்க வேண்டும்.

நீங்கள் சரியாகத்தான் சூடுகாட்டியிருக்கிறீர்கள், இடம்தான் தப்பு. இடைவெளி வயிற்றில் தெரிவதால் வயிற்றைத் திருத்தப் போய்விட்டீர்கள். இடுப்பு வளைவு ஒரு டிகிரி குறைந்தால் அங்கிருந்து 20 செ.மீ. தள்ளி பலகை மூன்றரை மி.மீ. உள்ளே விழும். அப்படியானால் உங்கள் 1 செ.மீ. இடைவெளி என்பது இடுப்பில் வெறும் மூன்று டிகிரிக் குறை, கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. கீழ் வளைவு முதலில் சரியாகவே இருந்திருக்க வேண்டும், விரித்ததில்தான் வால்முனை முட்டுகிறது.

ஆகவே முதல் வேலை, அந்த வளைவைப் பழைய நிலைக்கு மூடுவது. அளவுக்கு அச்சை நம்பாதீர்கள், நன்றாக இருக்கும் ஜோடிப் பலகையைப் பக்கத்தில் நிறுத்தி விளிம்போடு விளிம்பு ஒப்பிடுங்கள். அதற்கும் முன்னால் ஒன்று: விரித்த இடத்தின் உட்புறத்தை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வளைக்கும்போது உள்பக்க நார்கள் நசுங்கி மடங்குகின்றன, பிறகு அதே இடத்தை விரித்தால் அந்த நசுங்கிய நார்கள்தான் இழுபடும், அவை இழுவைக்குச் சுலபமாக விட்டுக்கொடுத்துவிடும். மரத்தை மேலும் வளைப்பதைவிட வளைத்ததைப் பிரிப்பதில்தான் எனக்குப் பயம் அதிகம். (பிரித்தே ஆகவேண்டும் என்றால் சூட்டை மட்டும் காட்டி, அது தானாக இளகி விரியும் அளவுக்கு விடவேண்டும். கையால் இழுக்கக் கூடாது.) மயிரிழை விரிசல் தெரிந்தால் தண்ணீர்போல் ஓடும் வகை சூப்பர்குளூ ஒரு சொட்டு, காய்ந்ததும் உள்ளே ஒரு சின்ன மரத்துண்டு ஒட்டு. பயப்பட ஒன்றுமில்லை.

நல்லவேளை, இடுப்புக்கு வேண்டியது கூடுதல் வளைவு, அதாவது பழைய திசையிலேயே. தொடங்குமுன் தடிமனை அளந்துவிடுங்கள். 2.5 மி.மீ. பலகை 2 மி.மீ. பலகையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விறைப்பு, ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடிக் கணக்கில் ஏறும். 2.2 மி.மீக்குமேல் இருந்தால் முதலில் சுரண்டி இளைத்துக்கொள்ளுங்கள்.

பலகையை அழுத்தி வளைக்கும் உலோகக் குழாய் சூடாகிவிட்டதா என்று பார்க்க வெப்பமானி எல்லாம் வேண்டாம். தோசைக்கல்லுக்குத் தெளிப்பது போலத் தெளியுங்கள், சொட்டு முத்தாக உருண்டு ஓடினால் சூடு சரி, அங்கேயே சுர்ரென்று கொதித்து வற்றினால் போதாது. மரத்தில் தண்ணீர் லேசாகப் பூசினால் போதும். நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் சூட்டில்தான் இளகுகிறது, ஈரம் அதைச் சீக்கிரம் இளக வைக்கும், கருகாமலும் காக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. ஊறப்போட்டால் ஈட்டிமரம் குறுக்குவாட்டில் குழிந்துகொள்ளும்.

இடுப்பில் குழாய் படுவது பலகையின் வெளிமுகத்தில், பிற்பாடு எல்லாரும் பார்க்கப்போகும் முகத்தில். அதனால் ஒரே இடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே இருங்கள். உட்புறம் இழுபடும் பக்கம், அங்கே மெல்லிய எஃகுத் தகட்டைத் துணைக்கு வைத்து அழுத்தினால் நார் பிய்யாது. மரம் இளகுவது கைக்கே தெரியும், திடீரென்று எதிர்ப்பு விட்டுப்போகும். அப்போது வேண்டியதற்கு ஒரு நூல் கூடுதலாக வளைத்து, ஆறும்வரை கையிலேயே பிடித்திருங்கள். ஆறாமல் விட்டால் திரும்பிக்கொள்ளும். பலகை குழாய்க்குச் செங்குத்தாக இருக்கட்டும், சாய்ந்தால் முறுக்கு விழும், அதைச் சரிசெய்வது இதைவிடத் தலைவலி.

ஒருவேளை வளைவு சரியாக இருந்து, இடுப்பே 5 மி.மீ. இடம் தள்ளி விழுந்திருந்தால் சூடே தேவையில்லை. பலகையை அச்சுக்குள் நகர்த்திவிட்டு, முனையில் மிச்சத்தை அறுங்கள். வளைந்த பின்பலகைக்காக அகலத்தைச் சரித்து வெட்டியிருந்தால் மட்டும் நகர்த்த முடியாது.

வேறு வாங்குவது பற்றி. ஸ்பெயினில் டோரஸ் என்ற கிடார் கைவினைஞர் 1862-இல் பக்கத்தையும் பின்பக்கத்தையும் காகித அட்டையிலேயே செய்து ஒரு கிடாரை உருவாக்கினார், மேற்பலகை மட்டும் மரம். ஒலிக்கு மேற்பலகைதான் முக்கியம் என்று காட்டத்தான். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்பானியப் பாணியில் கட்டுபவர்கள் வெளி அச்சே இல்லாமல், வரைந்த கோட்டைப் பார்த்துத்தான் பலகையை வளைக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரு மி.மீ., ஒன்றரை மி.மீ. வேறுபட்டால் கிடாருக்குத் தெரியாது, உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஈட்டிமரம் விற்கும் விலையில் இன்னொரு ஜோடிக்குப் போவதற்குமுன் ஒரு மாலைப்பொழுதை இதற்குக் கொடுங்கள்.

திருத்தி முடித்ததும் அச்சுக்குள் வைத்து, இடுப்பில் ஒரு கட்டை கொடுத்து இறுக்கிவிட்டு மறுநாள் வரை விடுங்கள். காலையில் கட்டையை எடுத்ததும் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து எனக்கு எழுதுங்கள்.