சிடானிடமே உரிமம் கேட்டார்கள்

பாரிஸ் அருகே லா கூர்நெவ்விலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "மகனுக்கு 20 வயது. முழங்காலில் இரண்டு தரம் ஒப்பரேஷன் செய்தாயிற்று. இனி உதைபந்து விளையாடேலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கோச்சாக வர ஆசைப்படுகிறான். தெரிந்த ஒருவர் 4,000 யூரோ தந்தால் வேறு நாட்டிலிருந்து ஆறு கிழமையில் யூஃபா உரிமம் எடுத்துத் தருவாராம். சிடான் உரிமம் இல்லாமல்தானே ரியல் மட்ரிட்டில் கோச்சாக இருந்தார் என்கிறார். காசைக் கட்டலாமா?"

கட்டாதீர்கள். முற்பணமாக ஒரு யூரோவும் வேண்டாம். யூஃபா என்பது ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியம்; இங்கே பேசுவது அதன் பயிற்சியாளர் உரிமத்தைப் பற்றி.

பிரெஞ்சு உதைபந்து நட்சத்திரம் சிடானின் கதையை இந்தத் தரகர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். மீதியைக் கேளுங்கள். 2006 உலகக் கிண்ண இறுதியாட்டத்தோடு அவர் விளையாட்டை விட்டார். பிறகு லிமோஜ் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக் கழக நிர்வாகம் படித்தார். 2013இல் ஸ்பெயினின் ரியல் மட்ரிட் கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் அஞ்செலோட்டிக்கு உதவியாளர். 2014இல் அதன் இரண்டாம் அணியான காஸ்டில்லாவைக் கையில் எடுத்தபோது அவரிடம் தேவையான உரிமம் இல்லை. கடதாசியில் வேறொருவர் பெயரைத் தலைமைப் பயிற்சியாளராகக் காட்டியிருந்தார்கள். ஸ்பெயினின் பயிற்சியாளர் பள்ளி ஒன்று முறைப்பாடு செய்ய, அந்த ஒக்டோபரில் அவருக்கு மூன்று மாதத் தடை விழுந்தது. மேல்முறையீட்டில் தடை நீங்கியது உண்மை. ஆனால் அப்போதே அவர் பிரெஞ்சுச் சம்மேளனத்தின் மிக உயர்ந்த பயிற்சியாளர் படிப்பில் இருந்தார். 2015இல் அதை முடித்தார். 2016 ஜனவரியில்தான் ரியல் மட்ரிட்டின் முதல் அணி அவர் கைக்கு வந்தது. உலகமே அறிந்த ஆட்டக்காரனுக்கே ஏறக்குறைய பத்து வருடம் பிடித்திருக்கிறது.

இன்னொரு கதையும் உங்களிடம் வரும்: 2022இல் பிரான்ஸின் றேம்ஸ் கழகம் போதிய உரிமம் இல்லாத வில் ஸ்டில் என்ற இளைஞரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. அதுவும் உண்மைதான். ஆனால் அதற்காக அந்தக் கழகம் போட்டிக்கு 25,000 யூரோ வீதம் தண்டம் கட்டியது. அது முதற்பிரிவுக் கழகம், கட்ட முடிந்தது. உங்கள் ஊர்க் கழகம் உங்கள் மகனுக்காகக் கட்டுமா? ஸ்டில்லும் அந்த நேரம் உரிமத்துக்குப் படித்துக்கொண்டுதான் இருந்தார். இந்த விதிவிலக்கைக் காட்டி யாராவது காசு கேட்டால், தண்டத்தை யார் கட்டுவது என்று மட்டும் கேளுங்கள்.

யூஃபா உரிமம் கடையில் விற்கும் சாமான் இல்லை. அந்தந்த நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனம் மட்டுமே அதைக் கொடுக்கும். மைதானத்தில் நின்று, அணியொன்றைப் பழக்கி, பரீட்சகர் முன் செய்துகாட்ட வேண்டும். ஆறு கிழமையில் வீட்டிலிருந்தபடி கிடைக்கும் என்பது பொய். வெளிநாட்டு உரிமம் அசலாகவே இருந்தாலும், பிரான்ஸில் சம்பளத்துக்குப் பழக்க அரசாங்கத்தின் தொழில் அட்டை வேண்டும். அந்த அட்டைக்குக் கட்டணமே இல்லை. அதற்கும் காசு கேட்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். எழுத்தும் மொழியும் தெரியாத பெற்றோரைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். வயிறு எரிகிறது.

மகன் செய்ய வேண்டியது இது. தான் விளையாடிய கழகத்துக்குப் போய், சிறுவர் அணியொன்றைச் சம்பளமில்லாமல் பழக்கக் கேட்கட்டும். அதற்கு இந்த உரிமம் வேண்டாம். பிறகு மாவட்டச் சம்மேளனத்தின் ஆரம்பச் சான்றிதழ்கள். அதன் பிறகு பி.எம்.எஃப். (BMF) என்ற உதைபந்துப் பயிற்சியாளர் சான்றிதழ். அதுதான் யூஃபா பி உரிமத்துக்குச் சமம். அவன் வயதுக்குத் தொழிற்பயிற்சி ஒப்பந்தத்தில் சேர்ந்தால் படிப்புச் செலவு வீட்டின் தலையில் விழாது, மாதச் சம்பளமும் வரும்.

இடங்கள் குறைவு, காத்திருக்க நேரும். சான்றிதழ்களின் பெயரைச் சில வருடத்துக்கொருமுறை மாற்றுகிறார்கள். ஒரு தாய் தனியாக வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு பக்கம் எழுதி வைக்க இத்தனை அலுவலகங்களில் ஒருவருக்கும் நேரமில்லை. தரகர் பிழைப்பது அந்த இடைவெளியில்தான்.

அந்த ஆளிடம் உரிமம் தரும் சம்மேளனத்தின் பெயரை எழுத்தில் கேளுங்கள். மகனின் அடையாள அட்டைப் பிரதியையும் கொடுக்க வேண்டாம்.