கை வைத்தால் பேச்சு வருமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. நாலைந்து சொற்கள்தான் பேசுகிறான். ரெய்கி என்ற கை வைக்கும் சிகிச்சையில் உடலின் சக்தி ஓட்டத்தைச் சரிசெய்தால் பேச்சு வந்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். அழைத்துப் போகலாமா?

பதில்: முதலில் காதைப் பரிசோதியுங்கள், அம்மா. கூப்பிட்டால் திரும்புகிறானே என்று விட்டுவிடாதீர்கள். பேச்சுப் பயிற்சிக்கு என்னிடம் வந்த ஒரு சிறுமியும் திரும்பத்தான் செய்தாள். நடுக்காதில் நீர் கோத்திருந்ததால், பேச்செல்லாம் அவளுக்கு மங்கலாகவே கேட்டிருக்கிறது. அது தெரியவரும் முன் எட்டு மாதம் கை வைக்கும் சிகிச்சையிலேயே போய்விட்டது. இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

உடலைச் சுற்றியுள்ள சக்தியைக் கையால் உணரலாம் என்ற கூற்றை, அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி சோதித்தாள். அப்படி உணர்வதாகச் சொல்லும் 21 சிகிச்சையாளர்கள் திரைக்கு அப்பால் இரு கைகளையும் நீட்டினார்கள். அவற்றில் எதற்கு மேலே, தொடாமல், அவள் கை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 280 முறையில் 44 சதவீதம்தான் சரி. குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாக வருமே! 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இது வெளியானது.

கை வைக்கும் சிகிச்சை அறைகளில் குழந்தைகள் அமைதியாவதை நானும் பார்த்திருக்கிறேன். மங்கிய வெளிச்சம், அவசரமில்லாத ஒரு பெரியவர். அதை நீங்களே வீட்டில் தரலாம். டிவியை அணைத்துவிட்டு, தரையில் அவன் முகத்துக்கு நேராக உட்காருங்கள். பந்தைக் காட்டினால் "பந்து" என்று சொல்லிவிட்டுப் பத்து நொடி காத்திருங்கள். காத்திருப்பதுதான் கஷ்டம், நம் வாய் சும்மா இருக்காது.

காதுப் பரிசோதனையோடு குழந்தை வளர்ச்சி மருத்துவரையும் பாருங்கள். இந்த வாரமே.