தற்சார்பு வாழ்க்கையும் வீட்டில் காய்ச்சும் பீரும்: கேள்வி பதில்

வேறொரு நாட்டில் சிறிதளவு நிலம் வாங்கிக் குடியேறி, உணவோடு பீரையும் தாமே தயாரித்துக்கொள்ள விரும்பும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, நிலம் வாங்கிவிட்டால் அந்த நாட்டிலேயே வசிக்கும் உரிமையும் கிடைத்துவிடும் அல்லவா?

பதில்: பெரும்பாலான நாடுகளில் கிடைக்காது. வெளிநாட்டவர் வீடும் தோட்டமும் வாங்குவதைத் தடுக்காத நாடுகள் பல உண்டு. ஆனால், அந்த வீட்டில் ஆண்டு முழுவதும் தங்குவதற்குத் தனியாக அனுமதி பெற வேண்டும். அதற்கு நிலையான வருமானத்தைக் காட்டச் சொல்வதே வழக்கம். பணத்தை அதிகம் நம்பாமல் வாழப் புறப்படுகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது வங்கிக் கணக்கு விவரம்தான் என்பது வேடிக்கையே. முன்பணம் கொடுப்பதற்கு முன், விளைநிலமாகப் பதிவான இடத்தில் குடியிருக்க அனுமதி உண்டா என்பதையும், கிணற்றிலோ ஓடையிலோ நீர் எடுக்கும் உரிமை யாருக்கு என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் பீர் காய்ச்சினால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: அது நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் சொந்தத் தேவைக்குக் காய்ச்ச உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலனும், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலனும் வரியின்றிக் காய்ச்சலாம். ஆயினும் மாநிலச் சட்டம் தனி; அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் இதை அனுமதித்தன. ஜப்பானில் உரிமம் இல்லாதவர் தயாரிக்கும் பானத்தில் ஆல்கஹால் 1 சதவீதத்தை எட்டக் கூடாது. சொந்தத் தேவைக்கு அனுமதிக்கும் நாடுகளிலும், விற்பதற்குப் பொதுவாக உரிமமும் வரியும் உண்டு.

கேள்வி: எங்களுக்கு வேண்டிய பார்லியை நாங்களே பயிரிட எவ்வளவு நிலம் தேவைப்படும்?

பதில்: 20 லிட்டர் பீருக்கு 4 முதல் 5 கிலோ மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, வேண்டும். மாதம் ஒரு முறை காய்ச்சினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 கிலோ. முளைகட்டிக் காயவைக்கும்போது எடை குறைவதால், அதற்கு 75 கிலோ பார்லி தேவை. சதுர மீட்டருக்கு 250 கிராம் விளைச்சல் என்று வைத்துக்கொண்டால் 300 சதுர மீட்டர் ஆகும். பறவைகளின் பங்கையும் மறுவிதைப்புக்கு எடுத்துவைப்பதையும் சேர்த்து 400 என்று கொள்ளுங்கள்.

ஆக, நிலம் பெரிய தடை அன்று. தானியத்தை மால்ட்டாக்குவதே கடினம். பார்லியை ஊறவைத்து ஈரப்பதத்தை 45 சதவீத அளவுக்குக் கொண்டுவந்து, 15 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிர்ச்சியில் நான்கைந்து நாள், சூடேறாமலும் வேர்கள் பின்னிக்கொள்ளாமலும் கிளறிக்கொண்டே முளைக்கவிட வேண்டும். பிறகு 50 டிகிரிக்கு உள்பட்ட வெப்பத்தில் ஈரத்தைப் போக்கிய பின்பே 80 டிகிரி வரை உயர்த்தலாம். ஈரம் போகுமுன் வெப்பத்தைக் கூட்டினால் என்சைம்கள் அழிந்துவிடும். மாவுச்சத்து சர்க்கரையாக மாறாது. அந்தக் குறையும் காய்ச்சும் நாளில்தான் தெரியவரும். எனவே, முதல் சில ஆண்டுகள் மால்ட்டை விலைக்கு வாங்குங்கள் என்பதே என் கருத்து. அந்த நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டால், நல்ல பருவத்தில் ஒரு டன் வரை கிடைக்கும். பசியாற்றும் பயிருக்கே முதலிடம்.

கேள்வி: பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடி எல்லா இடத்திலும் வளருமா?

பதில்: வளரும், ஆனால் எல்லா இடத்திலும் நன்கு காய்க்காது. கோடையில் நீண்ட பகலும் குளிர்காலத்தில் உறக்கமும் அதற்குத் தேவை என்பதால், 35 முதல் 55 பாகை வரையிலான அட்சரேகைகளே அதற்கு ஏற்றவை. பெண்கொடியை மட்டும் நடுங்கள்; ஐந்தாறு மீட்டர் ஏறும்படி கயிறு கட்டுங்கள். முதல் ஆண்டு விளைச்சலை எதிர்பார்க்க வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் தாவரங்களை எடுத்துவர மிகக் கடுமையான கட்டுப்பாடுகள் இருப்பதால், கிழங்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: மின் இணைப்பு இல்லாத வீட்டில் இது முடியுமா?

பதில்: லாகர் என்னும் பீர் வகையை மறந்துவிடுங்கள், அது 8 முதல் 13 டிகிரியில் வாரக்கணக்கில் நொதிக்க வேண்டும். ஏல் என்னும் பீர் வகைக்கு 18 முதல் 22 டிகிரி போதும். நிலவறையோ தடித்த சுவருள்ள அறையோ அதைத் தந்துவிடும். வெப்பமான இடமாயின், நார்வே பண்ணைவீடுகளில் வழிவழியாகப் பேணப்பட்ட குவைக் என்னும் ஈஸ்ட் 30 டிகிரிக்கு மேலும் நன்றாக நொதிக்கும், காயவைத்தும் சேமிக்கலாம். 20 லிட்டரைக் காய்ச்சி ஒரு மணி நேரம் கொதிக்கவிட ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவை. சிறிய சூரியத் தகடுகளால் அதைத் தர இயலாது, விறகே உகந்தது.

கேள்வி: பாட்டில்கள் வெடிப்பதை எப்படித் தவிர்ப்பது?

பதில்: அவசரப்படாதிருந்தாலே போதும். பீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் கருவியின் அளவு இரண்டு மூன்று நாள் மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடையுங்கள். பாட்டிலில் நுரை வருவதற்காக லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் சர்க்கரைக்கு மேல் சேர்க்காதீர்கள்.

கேள்வி: காய்ச்சியதும் மிஞ்சும் தானியச் சக்கையை என்ன செய்வது?

பதில்: கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாகும், ஓரிரு நாளில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அன்றன்றே போட்டுவிட வேண்டும். கொதித்த ஹாப்ஸை மட்டும் இதனுடன் கலக்காதீர்கள். அது நாய்களுக்கு நஞ்சு. உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். அதை வேலியிட்ட உரக்குழியில் ஆழப் புதைத்துவிடுங்கள்.