பெட்ரோல் காரில் பியூயல் பம்பை மாற்றுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

மேடு ஏறும்போது வண்டி திணறுகிறது, டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பியூயல் பம்பை மெக்கானிக் மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கம் ஓரிரு விநாடி பம்ப் ஓடும் மெல்லிய இரைச்சல் வருகிறதா பாருங்கள். வரவே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், ரிலே (பம்புக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) இரண்டையும் பாருங்கள், அப்புறம்தான் பம்ப். இரைச்சல் வந்தும் திணறினால் கேஜ் வைத்து பெட்ரோல் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள், பல வண்டிகளில் 3 பார் (அழுத்தத்தின் அலகு) அளவில் இருக்கும், குறைந்தால் ஃபில்டர் அடைப்பாகவும் இருக்கலாம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு பெட்ரோல் லைனில் உள்ள அழுத்தத்தை இறக்கி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும், பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். சீல் ரப்பர் புதிதாகவே போடுங்கள். இனி பெட்ரோலைக் கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள், டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிரவைப்பதே அந்தப் பெட்ரோல்தான்.